எளியோர்க்கு ஒரு தொலைநோக்கி

தோற்றுவாய்

மழையை மட்டுமே நம்பிய நிலத்தை ‘வானம் பார்த்த பூமி’ என்பது தமிழ் வழக்கு. பழையாறும் பேச்சிப்பாறைக் கால்வாய்களும் குளங்களும் நீரூட்டும் நாஞ்சில் நாட்டிற்கு அப்பெயர் பொருந்தாது. எனினும், வானம் பார்ப்போருக்கு இங்கே குறைவில்லை. சாரலை எதிர்நோக்கி உழவர் பார்க்கின்றார். காற்றின் போக்கறிய மீனவர் பார்க்கின்றார். மாதப் பிறப்பை அறியப் பிறை காண்போர் பார்க்கின்றனர். இவர்களோடு, அறிவு வேட்கை ஒன்றினாலேயே வானை நோக்க விரும்பும் மாணவர் சிலரும் ஆண்டுதோறும் நம் கல்லூரிகளில் தோன்றுகின்றனர். “தொலைநோக்கி வாங்க வேண்டும், எதை வாங்குவது?” என்பதே அவர்களின் முதல் வினா. அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். காரணம் ஒரு மாணவரின் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன், எம் மாணவர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் வெளியூர்க் கடையொன்றில் தொலைநோக்கி வாங்கி வந்தார். ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. நம் பகுதியில் மட்டுப்பா என வழங்கும் மொட்டைமாடியில் அதனை நிறுத்தி, வீட்டார் அனைவரையும் அழைத்து, வியாழனைக் காட்ட முனைந்தார். நடுங்கும் ஒரு மங்கல் ஒளியன்றி வேறெதுவும் தெரியவில்லை. மூன்று இரவுகள் முயன்றபின் கருவி பரணுக்குச் சென்றது. “எனக்குப் பார்க்கத் தெரியவில்லை ஐயா, இது அறிவியல் படித்தவர்களுக்கு உரியது” என்றார் அவர். குறை கருவியிலும் விளம்பரத்திலும் இருந்தது. அவரோ அதனைத் தம் அறிவின்மேல் ஏற்றிக்கொண்டார். தவறான முதற்கருவி பணத்தை மட்டும் கொண்டுபோவதில்லை, ஆர்வத்தையும் கொண்டுபோய்விடுகிறது.

நம் மண்ணில் வானோக்கிய முன்னோர்

வானாய்வு அயல்நாட்டாருக்கும் பெருஞ்செல்வர்க்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணம் தவறானது. 1689ஆம் ஆண்டு டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த ரிஷோ என்னும் பிரெஞ்சுத் துறவி வால்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்தபோது, தென்வானின் ஆல்பா சென்டாரி என்ற ஒளிமிக்க விண்மீன் உண்மையில் இரட்டை என்பதைக் கண்டறிந்தார். நிறக்குறை நீக்கிய வில்லைகள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வந்தன. எனவே, அவர் கையிலிருந்த கருவி இன்று நாம் வாங்கும் நல்ல தொடக்கநிலைக் கருவியைவிடத் தெளிவாக இருந்திருக்க இயலாது.

சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி, கதிரவனைக் கடந்து செல்லவிருந்த நிகழ்வை மக்களுக்கு விளக்கும் நூலைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டவரும் அவரே. ஐதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங் 1901இல் தம் சொந்தப் பொருளில் 15 அங்குலத் தொலைநோக்கியை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். அதுவே பின்னர் நிஜாமியா வானாய்வகமாக வளர்ந்தது. நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், 1837இல் மன்னர் சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவினார். அதன் முதல் பொறுப்பாளர் கால்டிகாட், ஆலப்புழையில் வணிகப் பணியில் இருந்துகொண்டே வானை நோக்கிவந்த ஆர்வலர். ஆர்வலராகத் தொடங்குவது இழுக்கன்று என்பதற்கு இவர்களே சான்று.

கருவியின் இயல்பு

தொலைநோக்கியின் முதல் வேலை பெரிதாக்குவது என்றே பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. அதன் முதல் வேலை ஒளியைத் திரட்டுவது. பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காட்சி உண்டாகிறது என்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஹைதம் தம் ஒளியியல் நூலில் நிறுவினார். இருளில் நம் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். 70 மி.மீ. விட்டமுடைய வில்லை அதனைப்போல் 100 மடங்கு ஒளியைத் திரட்டும். 150 மி.மீ. விட்டமுடைய ஆடி 450 மடங்கிற்கும் மேலாகத் திரட்டும். ஆகவே, கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் வினா “எத்தனை மடங்கு பெரிதாக்கும்?” என்பதன்று, “முகப்பு வில்லை அல்லது ஆடியின் விட்டம் எவ்வளவு?” என்பதே.

உருப்பெருக்கம் எளிய வகுத்தற் கணக்கு. முகப்பு வில்லையின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். எம் மாணவரின் கருவியில் முகப்பு வில்லையின் விட்டம் 60 மி.மீ., குவியத்தூரம் 700 மி.மீ. அதனோடு வந்த மிகச் சிறிய கண்வில்லை 4 மி.மீ. 700ஐ 4ஆல் வகுத்தால் 175. அதன்முன் மும்மடங்கு வில்லை ஒன்றையும் செருகினால் 525. கணக்கில் பொய்யில்லை, பயனில்தான் பொய். விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி அதனை இரண்டால் பெருக்கினால் வருவதே ஒரு கருவியின் பயனுறு பெருக்கத்தின் மேல் எல்லை. 60 மி.மீ. கருவிக்கு அது 120 மட்டுமே. அதற்குமேல் படம் பெரிதாகும். ஆனால் தெளிவு கூடாது, ஒளி குன்றும், நடுக்கம் மிகும். பெட்டியின் மேல் பெருக்கத்தைப் பெரிய எழுத்திலும் விட்டத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிட்ட கருவியை வாங்காமல் திரும்புவதே அறிவுடைமை.

இருவகைக் கருவிகள்

முகப்பில் வில்லை கொண்டது ஒளிவிலகல் தொலைநோக்கி. அடியில் குழியாடி கொண்டது எதிரொளிப்புத் தொலைநோக்கி. முன்னது உறுதியானது, பேணுதற்கு எளியது. 70 அல்லது 80 மி.மீ. அளவில் தொடக்கத்திற்கு ஏற்றது. விட்டம் கூடக் கூட விலை விரைந்து ஏறுவதும், நிலவின் விளிம்பில் ஊதா நிறச் சாயல் தோன்றுவதும் அதன் குறைகள். பின்னதில் நிறக்குறை இல்லை. அதே பணத்திற்கு மிகுந்த விட்டம் கிடைக்கும். ஆனால், ஆடிகளை அவ்வப்போது நேர்படுத்த வேண்டும். திருகாணிகளைத் திருப்பிச் செய்யும் அவ்வேலையை ஒரு மாலைப்பொழுதில் கற்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சில மலிவான எதிரொளிப்புக் கருவிகளின் குழாய் அரை மீட்டரே இருக்கும். பெட்டியிலோ குவியத்தூரம் 1000 மி.மீ. என்றிருக்கும். குழாயின் உள்ளே கூடுதல் வில்லை ஒன்றைப் பொருத்திக் குவியத்தை நீட்டியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள். இத்தகைய கருவிகளில் தெளிவு பெரும்பாலும் குன்றியிருக்கும், நேர்படுத்துவதும் கடினம். ஆடியுடைய கருவி என்றால், குழாயின் நீளமும் குவியத்தூரமும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்து வாங்குக.

தாங்கியும் எட்டுப் பாகையும்

குழாயைத் தேர்ந்தெடுக்கும் கவனத்தைத் தாங்கிக்கும் செலுத்த வேண்டும். 100 மடங்கு பெருக்கத்தில் பொருளோடு நடுக்கமும் 100 மடங்காகிறது. மெல்லிய கால்களையுடைய முக்காலியின்மேல் நல்ல குழாயை வைப்பதும் பயனற்றது.

மேனாட்டு நூல்கள் பலவும் துருவ விண்மீனை நோக்கி அச்சைச் சாய்த்து நிறுத்தும் தாங்கியைப் பரிந்துரைக்கின்றன. நாகர்கோவிலில் வாழும் நாம் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். நம் ஊரின் அட்சரேகை வடக்கே எட்டுப் பாகையை அடுத்தது. ஆதலால், துருவ விண்மீன் நமக்கு அடிவானத்திற்கு மேல் எட்டுப் பாகை உயரத்தில்தான் நிற்கும். நீட்டிய கையின் மூடிய விரல்முட்டி ஏறத்தாழப் பத்துப் பாகையை மறைக்கும். அதற்கும் தாழ்வாக, வடக்கே உள்ள மலைகளிலும் தென்னந்தோப்புகளிலும் அது மறைந்துவிடுகிறது. மேலும், குளிர்நாட்டாரை எண்ணிச் செய்த பல தாங்கிகள் எட்டுப் பாகை வரை தாழ்ந்து சாய்வதில்லை. சாய்த்தாலும் எடைக்கட்டி முக்காலியின் காலில் முட்டும். இலண்டனுக்குப் பொருந்தும் அறிவுரை இரணியலுக்குப் பொருந்தாமற் போவது இதனால்தான்.

நமக்கு ஏற்றது டாப்சோனியன் எனப்படும் பெட்டித் தாங்கி. சீனத்தில் 1915இல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் டாப்சன் என்பவர், தெருவோரத்தில் கருவியை நிறுத்தி வழிப்போக்கர்க்கு வானைக் காட்டுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். அவர் பரவச் செய்த இவ்வமைப்பில் விலை மிகுந்த பாகம் ஆடி மட்டுமே. எஞ்சியவை ஒட்டுப்பலகைப் பெட்டி, வழுக்கும் சிறு பட்டைகள், குழாய் ஆகியவையே. மேலும் கீழும், இடமும் வலமும் கையாலேயே நகர்த்தலாம். தரையோடு பதிந்து நிற்பதால் நடுக்கம் மிகக் குறைவு. ஆடிகளையும் கண்வில்லைகளையும் மட்டும் வாங்கிவிட்டால், நம் ஊர்த் தச்சர் இதனைச் செய்து முடிப்பார்.

வாங்கும் வரிசை

விலை அடிக்கடி மாறுவதால் தொகையைக் குறியாமல், பொருள் வசதிக்கேற்ற வரிசையை மட்டும் இங்கே தருகின்றேன்.

முதலாவது: பணம் சேரும்வரை காத்திராமல் வெறுங்கண்ணால் வானைக் கற்றுக்கொள்க. உரோகிணியை அரபு மொழியில் அல்தபரான் என்பர். கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்வது என்பது அதன் பொருள். அகத்தியர் பெயரால் நாம் வழங்கும் விண்மீன், அரபியர்க்குச் சுஹைல். மணப்பந்தலில் காட்டும் அருந்ததியை அவர்கள் ‘சுஹா’ என்றழைத்துக் கண்பார்வையைச் சோதிக்கப் பயன்படுத்தினர். பெயர் தெரியாத வானில் தொலைநோக்கியைத் திருப்புவது, முகவரி இல்லாமல் ஊருக்குள் வீடு தேடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது: 7×50 அல்லது 10×50 என்று குறியிட்ட பைனாகுலர். முதல் எண் பெருக்கம். இரண்டாவது வில்லையின் விட்டம். கார்த்திகையில் ஆறு மீன் கண்டவர் இதில் பல பத்து மீன்களைக் காண்பார். அப்துர் ரஹ்மான் அல்சூஃபி 964இல் எழுதிய விண்மீன் நூலில் சிறு மேகமென்று குறித்த ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தையும் காணலாம். தொலைநோக்கி வாங்கிய பின்னரும் இது பயன்படும்.

மூன்றாவது: தனி மாணவர்க்கு, உறுதியான தாங்கியோடு கூடிய 70 அல்லது 80 மி.மீ. ஒளிவிலகல் கருவி. நிலவின் பள்ளங்கள், வெள்ளியின் பிறைத் தோற்றம், 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகள், சனியின் வளையம் ஆகியவை இதற்கு எட்டும்.

நான்காவது: கல்லூரி மன்றத்திற்கோ பலர் கூடிய குழுவிற்கோ, 150 மி.மீ. டாப்சோனியன். 1200 மி.மீ. குவியத்தூரமும் 25, 10 மி.மீ. கண்வில்லைகளும் இருந்தால் 48, 120 மடங்குகள் கிடைக்கும். பெரும்பாலான இரவுகளுக்கு இவ்விரண்டும் போதும்.

கண்வில்லை 25 மி.மீ. போன்ற பெரிய அளவில் ஒன்றேனும் இருத்தல் இன்றியமையாதது. எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்கிப் பொருளைக் கண்ட பின்னரே பெருக்கத்தைக் கூட்டுக.

தென்கோடியின் பேறு

துருவ விண்மீன் தாழ்ந்திருப்பது நமக்கு இழப்பன்று. வடக்கே இழந்ததைத் தெற்கே பன்மடங்காகப் பெறுகிறோம். பிப்ரவரி முன்னிரவில் அகத்திய விண்மீன் தென்வானில் ஏறத்தாழ முப்பது பாகை உயரத்தில் ஒளிரும். ஏப்ரலில் தென்சிலுவையும், அதன் மேற்கே கேரினா ஒளிமேகமும் தோன்றும். மே மாதத்தில் ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் திரள் முப்பது பாகைக்கும் மேலே எழுகின்றது. 150 மி.மீ. கருவியில் அது தூவிய சர்க்கரை போன்று தோன்றும். இலண்டனிலும் பாரிசிலும் வாழ்வோர் தம் ஊரிலிருந்து இதனைக் காணவே இயலாது. புதுச்சேரியில் ரிஷோ கண்ட இரட்டையைச் சிறு கருவியாலேயே நாமும் பிரித்துக் காணலாம். அவ்விரு மீன்களும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

நம் மாவட்டம் இருபருவ மழையும் பெறுவது. ஆதலின் ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள காலமே நோக்கலுக்குச் சிறந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று காற்றாலைகளைச் சுழற்ற நன்று, தொலைநோக்கிக்குப் பகை. முட்டம் போன்ற கடற்கரைகளில் தென்வானம் திறந்திருக்கும். ஆனால், உப்புக்காற்று ஆடியின் பூச்சை அரிக்கும். ஈரத்தால் வில்லையில் பூஞ்சை படரும். நோக்கி முடித்ததும் கருவியை மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு பெட்டியில் வைத்தல் வேண்டும். ஆடியைத் துணியால் அடிக்கடி துடைத்தல் கூடாது.

ஒளிப்படம் எடுத்தல்

கண்டதைப் படமாக்கும் ஆசை இயல்பானது. கண்வில்லையின் மேல் அலைபேசியைப் பொருத்தும் எளிய பிடிப்பான் ஒன்று இருந்தால் நிலவை அழகாகப் படமெடுக்கலாம். வியாழனையும் சனியையும் காணொளியாக எடுத்து, அதன் தெளிவான கட்டங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். இதற்கான மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மங்கலான ஒளிமேகங்களைப் படமெடுப்பது வேறு வகை. புவியின் சுழற்சியால் வானம் மணிக்குப் பதினைந்து பாகை நகர்வதுபோல் தோன்றுகிறது. நீண்ட நேரம் ஒளி திரட்ட வேண்டுமாயின், அந்நகர்வைப் பின்தொடரும் மின்விசைத் தாங்கி வேண்டும். அதன் விலை பல வேளைகளில் குழாயின் விலையையே மிஞ்சும். ஆகவே, தொடக்கத்திலேயே ‘பார்க்கவும் வேண்டும், எல்லாவற்றையும் படமெடுக்கவும் வேண்டும்’ என ஒரே கருவியில் இரண்டையும் தேடுவோர் இரண்டையும் இழப்பர். அதுவரை, கேமராவை முக்காலியில் நிறுத்தி விண்மீன் குழுக்களைப் படமெடுக்கலாம். 500ஐ அதன் வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் வரும் நொடிகளுக்கு மேல் திறந்து வைக்காவிடின், மீன்கள் பெரும்பாலும் புள்ளிகளாகவே பதியும். 50 மி.மீ. வில்லைக்கு அது பத்து நொடி.

இரண்டு எச்சரிக்கைகள்

2010 ஜனவரி 15 அன்று கதிரவன் வளையமாகத் தோன்றிய கிரகணத்தை நம் மாவட்டத்தார் கண்டனர். அத்தகைய நாளிலும் பிற நாளிலும், தொலைநோக்கி வழியாகக் கதிரவனை ஒரு நொடியும் நோக்கலாகாது. பார்வை மீளாமற் போகும். மலிவுக் கருவிகளோடு வரும், கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தால் வெடிக்கக்கூடும். அதனை உடனே எறிந்துவிடுக. குழாயின் முகப்பை முழுதும் மூடும் தரமான வடிப்பான் வேண்டும். அது இல்லையெனில், ஊசித்துளையிட்ட அட்டையின் வழியே வெள்ளைத்தாளில் விழும் கதிரவனின் உருவத்தைக் கண்டு மகிழ்க.

பிறை காண விரும்பும் பெரியோர்க்கும் ஒரு சொல். கதிரவன் முழுதும் மறைந்த பின்னரே கருவியை மேற்கு நோக்கித் திருப்ப வேண்டும். மெல்லிய பிறைக்கு மிகுந்த பெருக்கம் வேண்டா. அகன்ற பரப்பைக் காட்டும் பைனாகுலரே பெரிதும் உதவும். கருவி வழிக் காட்சி மாதக் கணக்கிற்கு ஏற்புடைத்தா என்பது மார்க்க அறிஞர் முடிவுக்குரியது. இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முடிவுரை

பரணுக்குச் சென்ற கருவி என்னவாயிற்று எனக் கேட்பீர்கள். ஒரு ஜனவரி மாலையில் அதனை இறக்கி வரச் சொன்னேன். மும்மடங்கு வில்லையையும் 4 மி.மீ. கண்வில்லையையும் நீக்கினோம். பெட்டியிலிருந்தே பிரிக்கப்படாத 20 மி.மீ. கண்வில்லையைப் பொருத்தினோம். பெருக்கம் 525இலிருந்து 35 ஆயிற்று. முக்காலியின் நடுவே மணல் நிரப்பிய பையொன்றைத் தொங்கவிட்டோம், நடுக்கம் அடங்கிற்று. வியாழனை நோக்கினோம். சிறு வட்டமொன்று, அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள். மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் தம் அன்னையாரை அழைக்கக் கீழே ஓடினார்.

எனவே மாணவ நண்பர்களே, பெரிய எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். விட்டத்தையும் தாங்கியையும் பாருங்கள். தனியாக இயலாவிடின் பத்துப் பேர் கூடி ஒரு கருவி வாங்குங்கள். கல்வி நிலையங்களைப் பேணும் பெரியோர்களே, ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு டாப்சோனியனும், மாதம் ஒரு முறையேனும் அதனைத் திறந்த வெளியில் நிறுத்தும் ஆசிரியர் ஒருவரும் இருக்கச் செய்யுங்கள். நூலகத்திற்கு நூல் வாங்குவது போன்றதே அது. வானமும் ஒரு நூல்தான். கையெட்டும் தொலைவில் வைத்தால் மாணவர் படிப்பர்.